ஏழு கேள்வி, ஒரு ரெக்கார்டர்: கேரளா எல்லைல அஞ்சு நாள்

நாள் 1, திங்கள் ராத்திரி, கொழிஞ்சாம்பாறை

காலைல ஏழே காலுக்கு பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல ஏறினேன். பேக்ல ரெக்கார்டர், ரெண்டு மெமரி கார்டு, ஹெட்போன், காத்து இரைச்சல் வராம இருக்க மைக்குக்கு மாட்டற பஞ்சு மூடி, எட்டு பேட்டரி, ஒரு நோட்டு. பாலக்காட்டுல புதனும் வியாழனும் தண்ணி, விவசாயம், கிராம வளர்ச்சி பத்தி ஒரு கருத்தரங்கு நடக்குது, அதை நாலு பகுதியா எங்க காலேஜ் சமுதாய வானொலிக்குப் பண்ணித் தர்றேன்னு ஒத்துக்கிட்டேன். எங்களது நூறு வாட்டு டிரான்ஸ்மிட்டர்தான், பொதுவா அதுக்கு மேல அனுமதி இல்ல, பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர் போனா பெருசு, ஆனா அந்தப் பன்னெண்டு கிலோமீட்டர்ல பாதி கேரளாவுக்குள்ள இருக்கு, அங்க கேக்கறவங்க நம்மள மாதிரியே தமிழ் பேசறவங்க.

கருத்தரங்கு புதன்கிழமைன்னா திங்கக்கிழமையே ஏன் கிளம்பினேன்னு வீட்டுல கேட்டாங்க. போன வருசம் இதே மாதிரி ஒரு கூட்டத்தை முழுசா ரெக்கார்டு பண்ணி, கொஞ்சம் வெட்டி, அப்படியே ஒலிபரப்பினோம். ரெண்டு வாரம் கழிச்சு ஒரு அக்காகிட்ட கேட்டீங்களான்னு கேட்டேன். "நாலு பேரு மாத்தி மாத்திப் பேசுனாங்க கண்ணு, எங்களுக்குன்னு அதுல ஒண்ணும் இல்லியே"ன்னு சொன்னாங்க. கோவமா சொல்லல, சாதாரணமாத்தான் சொன்னாங்க. அது எனக்கு இன்னும் மனசுல இருக்கு. அதனால இந்தத் தடவை முதல்ல ஊருக்குள்ள போய் கேள்வியைச் சேத்துக்கிட்டு, அந்தக் கேள்வியோட கூட்டத்துக்குப் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினா போர்டு ரெண்டு மொழில வந்துருது, பேச்சு மட்டும் மாறவே இல்ல, அதே "ஏனுங்", அதே "வாங்க போங்க", நடுவுல அங்கங்க ஒரு மலையாள வார்த்தை. இந்த சித்தூர் தாலுக்கா பாலக்காட்டு மாவட்டத்துலயே மழை கம்மியான பக்கம். கேரளான்னா பச்சைன்னு நெனச்சுட்டு வர்றவங்க வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் வந்து பாக்கணும், தென்னை நிக்குது, ஆனா கீழ மண்ணு வெடிச்சுக் கிடக்குது, டேங்கர் லாரி தண்ணிக்கு குடம் வரிசைல நிக்குது.

பத்தரை மணிக்கு வாய்க்கால் ஓரம் தொழிலுறப்பு வேலை நடக்கற எடத்துக்குப் போனேன். நம்ம பக்கம் நூறு நாள் வேலைங்கறதை இங்க அப்படித்தான் சொல்றாங்க. தலைல துண்டு கட்டிட்டு பத்துப் பதினஞ்சு பேரு. மைக்கை எடுத்ததும் எல்லாரும் ஒருத்தர் முதுகுக்குப் பின்னால ஒருத்தர் போயிட்டாங்க. நான் மைக்கை மடில வச்சுட்டு அவங்க கூட உக்காந்து கட்டன், அதாவது பால் இல்லாத டீ, குடிச்சேன், அரை மணி நேரம் ஒண்ணும் கேக்கல. அப்புறம் ஒரு பெரியம்மா, அம்பது அம்பத்தஞ்சு வயசு இருக்கும், அவங்களாவே ஆரம்பிச்சாங்க:

"அம்மிணி, நீ போற மீட்டிங்ல என்ற கெணத்தப் பத்திப் பேசுவாங்களா? பக்கத்துத் தோட்டத்துல ஆயிரத்துச் சொச்சம் அடிக்கு போர் போட்டாங்க. அடுத்த வருசமே எங்க கெணறு வத்திப் போச்சு. அவிங்க தண்ணிய அவிங்க நெலத்துக்கு அடியில இருந்துதான எடுக்கறாங்க, என்ற கெணறு ஏன் வத்தோணும்? இதை யாராச்சும் எனக்குப் புரியறாப்ல சொல்லோணும்."

நாப்பது செகண்டு. பின்னால ஒரு மம்பட்டிச் சத்தம், ஒரு காக்கா. சுத்தமா பதிவாகியிருக்கு, பஸ்ல வர்றப்ப நாலு தடவை கேட்டுட்டேன்.

சாயங்காலத்துக்குள்ள ஏழு கேள்வி சேந்துச்சு. கடைசிக் கேள்வி எழுவது தாண்டின ஒரு அப்பாருகிட்ட இருந்து, ஆழியாத்துத் தண்ணி எத்தனைன்னு பேப்பர்ல டிஎம்சி டிஎம்சின்னு போடறாங்களே, ஒரு டிஎம்சின்னா எத்தனை லாரித் தண்ணின்னு கேட்டார். நம்பரை வாங்கி வச்சுக்கிட்டேன்.

நாள் 2, செவ்வாய், சித்தூர்

காலைல மீனாட்சிபுரம் வழியா கன்னிமாரி பக்கம் போயிட்டு வந்தேன். பிளாச்சிமடையைப் பாக்காம இந்த வேலையைத் தொடங்க மனசு வரல. நிலத்தடித் தண்ணியை உறிஞ்சறாங்கன்னு 2002 ஏப்ரல் 22ல ஆதிவாசி ஜனங்க குளிர்பானக் கம்பெனி வாசல்ல பந்தல் போட்டு உக்காந்த ஊரு. அந்தப் போராட்டத்தை முன்னால நின்னு நடத்தின மயிலம்மா இந்த ஊருதான், இரவாளர் சமூகத்துப் பொம்பளை, 2007ல இறந்துட்டாங்க. கம்பெனி 2004 மார்ச்சுல நின்னுச்சு. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, 2004 ஜனவரி 21, 22, 23 மூணு நாள் இதே மாவட்டத்துல உலக நீர் மாநாடு நடந்துச்சு. கனடால இருந்து தண்ணி உரிமைக்காகப் பேசற மாட் பார்லோ, பிரான்ஸ்ல இருந்து விவசாயிங்க தலைவர் ஜோஸே போவே, நம்ம நாட்டுச் சூழலியல் போராளி வந்தனா சிவா எல்லாம் வந்தாங்க, கடைசி நாள் பிளாச்சிமடைப் பிரகடனம்னு ஒண்ணு வெளியிட்டாங்க. தண்ணி விக்கற சரக்கு இல்ல, எல்லாருக்கும் உரிமையானதுன்னு அதுல இருக்கு.

அந்த ரோட்டோரம் நின்னுட்டு எனக்கு ஒரே யோசனை. நம்ம நாட்டுல முதல் சமுதாய வானொலி, அண்ணா பல்கலைக்கழகத்தோட அண்ணா எஃப்எம், ஒலிபரப்பு ஆரம்பிச்சது 2004 பிப்ரவரி 1. அந்த மாநாடு முடிஞ்சு ஒம்பது நாள் கழிச்சு! அலைவரிசை பொதுச்சொத்துன்னு சுப்ரீம் கோர்ட் 1995லயே சொல்லிட்டாங்க, ஆனா காலேஜுகளுக்கு அனுமதி குடுக்க 2002 முடியற வரைக்கும் ஆச்சு, தொண்டு அமைப்புகளுக்குக் கதவு திறந்தது 2006 நவம்பர்ல. மாநாடு நடந்த அந்த மூணு நாள் இந்தப் பக்கத்து ஜனங்க கைல ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாத்தேன், மேடைல பேசினதை அன்னைக்கு ராத்திரியே தமிழ்ல போட்டு, மறுநாள் காலைல பந்தல்ல இருக்கறவங்க குரலை மேடைக்குக் கொண்டு போயிருக்கலாம்.

வேற நாட்டுல இதைச் செஞ்சிருக்காங்க. 1995 பீஜிங் பெண்கள் மாநாட்டுக்கு கோஸ்டா ரிகால இருந்து ஃபயர்னு ஒரு பெண்கள் வானொலிக் குழு நேரா போய், ஹுவாய்ரோல தொண்டு அமைப்புகள் கூடின எடத்துலயே உக்காந்து ஒலிபரப்பினாங்க. அவங்களது அப்ப சிற்றலை, ரொம்ப தூரத்து நாட்டுல இருக்கற பொம்பளையும் ஒரு சின்ன சிற்றலை ரேடியோ வச்சு கேட்டிருக்கலாம்.

நம்ம நாட்டுலயும் முன்மாதிரி இருக்கு. 1956ல புனே பக்கம் வானொலி கிராம மன்றம்னு ஒரு சோதனை நடந்துச்சு, ஆகாசவாணியும் யுனெஸ்கோவும் சேந்து பண்ணினது, அஞ்சு மாவட்டம், சுமார் 150 கிராமம், வாரத்துக்கு ரெண்டு நிகழ்ச்சி, பத்து வாரத்துல இருபது. ஊருக்கு ஒரு குழு ஒண்ணா உக்காந்து கேக்கும், கேட்டு முடிச்சதும் அவங்களே பேசுவாங்க, சந்தேகத்தை எழுதி ஸ்டேஷனுக்கு அனுப்புவாங்க, அதுக்குப் பதில் பின்னால வர்ற நிகழ்ச்சில வரும். ரேடியோன்னா ஒரு பக்கம் பேசறது மட்டுந்தான்னு இப்பவும் நெறைய பேரு நெனைக்கறாங்க. அறுவது எழுவது வருசம் முன்னாடியே அது திரும்பிப் பேச வச்சிருக்கு. தஞ்சாவூர்ல ஆடுதுறை 27 நெல்லுக்கு ரேடியோ நெல்லுன்னு பேரு வந்ததும் அப்படித்தான், திருச்சி வானொலி சொல்லிச் சொல்லி விவசாயிங்க போட்டுப் பாத்து, நெல்லுக்கே ரேடியோ பேரை வச்சுட்டாங்க.

மத்தியானம் சித்தூர் வந்து லாட்ஜ்ல ரூம். சாயங்காலம் சோகநாசினி ஆத்தங்கரைல எழுத்தச்சன் மடம் வரைக்கும் நடந்தேன். வேற ஒண்ணும் இல்ல இன்னைக்கு.

நாள் 3, புதன், பாலக்காடு

இன்னைக்கு எழுத நெறைய இருக்கு, மணி பன்னெண்டாகுது, எழுதிட்டே தூங்கறேன்.

ஒம்பது மணிக்கே ஹாலுக்குப் போய் மைக்செட் அண்ணன்கிட்ட பேசி மிக்சர்ல இருந்து நேரா ஒரு வயர் வாங்கிக்கிட்டேன். ஹெட்போன்ல உம்ம்ம்னு ஒரு இரைச்சல். எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு, இன்னும் பத்து நிமிசத்துல ஆரம்பிச்சுருவாங்க. அந்த அண்ணன் வந்து பாத்துட்டு ரெக்கார்டரோட சார்ஜரைப் புடுங்கினார், பேட்டரில ஓட விட்டார், இரைச்சல் போயே போச்சு. இந்த வேலைக்கு வர்றவங்க யாரா இருந்தாலும் இதைக் குறிச்சு வச்சுக்கங்க, மிக்சர்ல இருந்து எடுக்கறப்ப பேட்டரிதான்.

முதல் மூணு பேச்சும் ஸ்லைடுதான். "இந்த கிராஃப்ல நீங்க பாக்கற மாதிரி", "இந்த சிவப்புக் கலர் பகுதி"ன்னு. எதிர்ல உக்காந்திருக்கறவங்களுக்குப் புரியும், ரேடியோல கேக்கறவங்களுக்கு ஏது சிவப்பு? விஷயம் பெருசு. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தோட 2017 கணக்குல சித்தூர் பிளாக் 'ஓவர் எக்ஸ்ப்ளாய்டட்'னு இருந்துச்சு. அதாவது வருசத்துல எடுக்கக் கூடிய தண்ணி நூறுன்னா, எடுத்தது நூறையும் தாண்டியிருந்துச்சு. கேரளால இப்படி ஒரு பிளாக்கான்னு நமக்கே தோணும். ஆனா அந்த வார்த்தையை அப்படியே ஒலிபரப்பினா முந்தாநாள் தொழிலுறப்பு வேலைல இருந்த ஒருத்தருக்கும் அது அவங்க கெணத்தைப் பத்தின பேச்சுன்னு தெரியாது.

மத்தியானத்துக்கு மேல கேள்வி நேரம். நான் கையைத் தூக்கினேன், கேள்வி என்னது இல்ல, ஒரு பெரியம்மாவோடதுன்னு சொல்லி, போன் ஸ்பீக்கரை மைக்குக்குப் பக்கத்துல வச்சு அந்த நாப்பது செகண்டைப் போட்டேன். மம்பட்டிச் சத்தமும் காக்காச் சத்தமும் அந்த ஏசி ஹால்ல கேட்டுச்சு. "என்ற கெணறு ஏன் வத்தோணும்?" பக்கத்துல டீ கப்பைக் கீழ வச்ச சத்தம் கூட எனக்குக் கேட்டுச்சு, அவ்வளவு அமைதி. முன் வரிசைல ரெண்டு பேர் திரும்பிப் பாத்தாங்க யாரு பேசறதுன்னு.

மேடைல இருந்த நிலத்தடி நீர் நிபுணர் மலையாளிதான், சித்தூர் பக்கம் பல வருசம் வேலை பாத்தவர், நல்லாத் தமிழ் பேசறார். ஸ்லைடை விட்டுட்டு எந்திரிச்சு நின்னுட்டார். அவர் சொன்னதை அப்படியே தர்றேன்:

"அம்மா, இங்க மேல இருக்கற மண்ணும் மக்கின பாறையும் பஞ்சு மாதிரி. மழைத் தண்ணி அதுலதான் நிக்கும். அதுக்குக் கீழ கருங்கல்லு, அதுல தண்ணி நிக்காது, விரிசல்ல மட்டும் ஓடும். உங்க கெணறு பஞ்சுல நிக்குது. அவங்க போர் விரிசல்ல நிக்குது. ஆனா விரிசலுக்குத் தண்ணி எங்க இருந்து வரும்? மேல இருக்கற பஞ்சுல இருந்துதான் எறங்கணும். கீழ மோட்டார் போட்டு உறிஞ்ச உறிஞ்ச மேல பஞ்சு காயும். நெலம் தனித்தனி, தண்ணி ஒண்ணுதான்."

ஒரு நிமிசம் பத்து செகண்டு. காலைல இருந்து பதிவான நாலரை மணி நேரத்துல எனக்கு இது ஒண்ணு போதும்னு தோணுச்சு. கெட்டிக்கார மனுசன், விசயம் முழுசும் அவர்கிட்ட இருந்துச்சு, கேள்வி அந்த அம்மா வாய்ல இருந்து வந்ததும் பதிலும் அவங்க பாஷைல வந்துருச்சு. நானே அதை 'நிலத்தடி நீர்மட்டம் குறைவதற்கான காரணம்'னு கேட்டிருந்தா திரும்ப ஸ்லைடுக்குத்தான் போயிருப்பார். நாலு வருசமா இதைப் பண்றேன், இது இன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது.

டீ டயத்துல அவரைத் தனியாப் புடிச்சு இன்னும் ரெண்டு கேள்விக்குப் பதில் வாங்கினேன். கேரளால 2002ல நிலத்தடி நீர்ச் சட்டம் வந்துச்சு, அறிவிக்கப்பட்ட பகுதில போர் போட பர்மிட் வாங்கணும்னார். திருச்சூர் மாவட்டத்துல 2008ல இருந்து நடக்கற 'மழப்பொலிமா' பத்தியும் சொன்னார், ஓட்டு மேல விழற மழையை குழாய் வச்சு, மணலும் ஜல்லியும் போட்ட தொட்டில வடிகட்டி, நேரா வீட்டுக் கெணத்துக்குள்ள விடறது. நூறு சதுர மீட்டர் கூரைல ஒரு சென்டிமீட்டர் மழை பெஞ்சா ஆயிரம் லிட்டர். இதை எழுதிக்கிட்டேன், இது ரேடியோல சொல்றதுக்கு லட்டு மாதிரி கணக்கு.

நாள் 4, வியாழன், சித்தூர்

கருத்தரங்கு மத்தியானத்தோட முடிஞ்சுது. தீர்மானம் எல்லாம் வாசிச்சாங்க, பதிவு பண்ணினேன். மூணு மணில இருந்து ரூம்ல ஹெட்போனும் நானும்தான்.

மொத்தம் ஆறரை மணி நேரம் இருக்கு, நான் செய்ய வேண்டியது பதினஞ்சு நிமிச நிகழ்ச்சி நாலு. முதல் நிகழ்ச்சி ரெடி. வரவேற்புரை, வாழ்த்துரை எதையும் எடுக்கல, பெரியம்மா குரல்லயே தொடங்கறேன். இங்கிலீஷ்ல பேசினவங்க குரல் ரெண்டு மூணு செகண்டு கேக்கட்டும், அப்புறம் அதைக் குறைச்சு மேல தமிழ்க் குரல். அந்த ரெண்டு மூணு செகண்டு வேணும், அவங்க நெசமாவே பேசினாங்கன்னு கேக்கறவங்களுக்குத் தெரியணுமே.

ஓவர் எக்ஸ்ப்ளாய்டட்ல ஒரு மணி நேரம் நின்னுட்டேன். முதல்ல 'மிகைப் பயன்பாட்டுப் பகுதி'ன்னு எழுதினேன், வாய் விட்டுப் படிச்சா கவர்மெண்டு நோட்டீஸ் மாதிரி இருக்கு. 'அளவுக்கு மீறி சுரண்டப்பட்ட' போட்டேன், அது யாரையோ திட்டற மாதிரி. கடைசில திங்கக்கிழமை பாத்த அப்பாருக்கு போன் போட்டு விசயத்தைச் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "ஊறறதை விட அள்ளறது சாஸ்தி, அதானம்மிணி?"ன்னார். அதேதான் அப்பாரு. அப்படியே போட்டுட்டேன், எழுத்து மாத்தல.

அவரோட டிஎம்சி கணக்கையும் அப்பவே போனுல சொல்லிட்டேன். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி கேரளாவுக்கு சித்தூர் ஆத்துல வருசம் 7.25 டிஎம்சி குடுக்கணும். ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி. 12,000 லிட்டர் டேங்கர் லாரியா அதைக் கணக்குப் பண்ணினா கிட்டத்தட்ட 23 லட்சத்து 60 ஆயிரம் லோடு. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "ஒரு டிஎம்சிக்கேவா?"ன்னார்.

நாள் 5, சனி, பொள்ளாச்சி திரும்பற பஸ்ல

வெள்ளிக்கிழமை முழுக்க எடிட்டிங், அதனால போஸ்ட் போடல. ஒலிபரப்பு அடுத்த வாரம்தான், ஆனா அதுக்கு முன்னாடி கேள்வி கேட்டவங்க கேக்கணும்னு இன்னைக்கு கொழிஞ்சாம்பாறை பக்கம் மறுபடி போனேன். சனிக்கிழமை அயல்கூட்டம் கூடற நாள், அதாவது குடும்பஸ்ரீ மகளிர் குழு. ஒரு வீட்டு முன்னால புளிய மரத்தடில பாய் விரிச்சு பதினாலு பேரு, பணம் கட்டி நோட்டுல எழுதி முடிச்சதும் ஸ்பீக்கரை நடுவுல வச்சேன்.

தன்னோட குரல் வந்ததும் பெரியம்மா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டாங்க. பக்கத்துல இருந்தவங்க சிரிச்சாங்க. அப்புறம் பஞ்சு, விரிசல் எல்லாம் வந்துச்சு. "தண்ணி ஒண்ணுதான்"ங்கற எடத்துல பெரியம்மா கையைக் காமிச்சு நிறுத்தச் சொன்னாங்க, திரும்பப் போடச் சொன்னாங்க. ரெண்டாவது தடவை கேட்டுட்டு மெதுவா, "அப்ப என்ற கெணறும் அவிங்க போரும் ஒரே தண்ணியா"ன்னாங்க.

எனக்குத் தெரியாது, அந்த போர்க்காரர் சம்சாரமும் அதே பாய்ல உக்காந்திருக்காங்க. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். யாரும் அவங்களைப் பாக்கல, ஆனா எல்லாருக்கும் தெரியும். நான் ஸ்பீக்கரை நிறுத்திட்டேன். அவங்க பாயோட ஓரத்து நூலைப் பிரிச்சுட்டே இருந்துட்டு, "நாங்க வேணும்னு பண்ணலக்கா, தென்னை காஞ்சு போச்சு, கடன வாங்கிப் போட்டது, நாங்களும் பாதிக்கு மேல தண்ணி இல்லாமதான் கெடக்கறோம்"னாங்க. பெரியம்மா உடனே, "உன்ன யாரு சொன்னா கண்ணு, எனக்கு வெவரம் தெரியலீங்கறதுனாலதான் கேட்டேன்"னு அவங்க முட்டில ஒரு தட்டு தட்டினாங்க.

நான் பயந்துட்டேன், உண்மையைச் சொல்றேன். மாநாட்டுல பேசினா விசயம் அந்த ஹாலோட நின்னுரும், ஊருக்குள்ள கொண்டு வந்தா அது பக்கத்து வீட்டுக்காரங்க நடுவுல போய் உக்காந்துக்கும். இதை ஒலிபரப்பறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் சம்மதம்னு சொன்னாத்தான் போடுவேன்னு அங்கேயே சொன்னேன். ரெண்டு பேரும் போடச் சொன்னாங்க. ஊர்ப் பேரும் தோட்டம் இருக்கற எடமும் வராம பாத்துக்கறேன்.

அதுக்கப்புறம் பேச்சு என் கைல இல்ல. ஓட்டு வீடு யாருக்கெல்லாம் இருக்கு, குழாய்க்கு எவ்வளவு ஆகும், அடுத்த கிராமசபைல குளம் தூர் வார்றதை தொழிலுறப்புல போடச் சொல்லி எழுதிக் குடுக்கறதான்னு முக்கால் மணி நேரம் பேசினாங்க. ஒரு அக்கா மலையாளத்துல மனு எழுத ஆளு வேணும், எங்க பசங்க தமிழ் மீடியம்னாங்க, இன்னொருத்தர் மக இருக்கறா, பன்னெண்டாவது படிக்கறா, அவ எழுதுவாங்கறாங்க. நான் மைக்கை மட்டும் புடிச்சுட்டு இருந்தேன். என்னோட ரெண்டாவது நிகழ்ச்சிக்கு கருத்தரங்குல இருந்து எடுத்து வச்சிருந்த பாதியை இனி தூக்கணும், அந்த எடத்துல இந்த முக்கால் மணி நேரம்தான் வரணும்.

கெளம்பறப்ப போர்க்காரர் சம்சாரம் பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தாங்க. மைக்கைக் கேட்டாங்க. பொதுவா நாந்தான் நீட்டுவேன், இன்னைக்கு அவங்க கேட்டு வாங்கிப் புடிச்சுக்கிட்டாங்க.

"சார், நாங்க வாரத்துல மூணு நாள் மட்டும் மோட்டார் போட்டா, அக்கா கெணத்துல தண்ணி ஏறுமுங்களா? எத்தன மாசம் ஆகும்?"

பஸ்ல ஏறினதும் அந்தப் பதினெட்டு செகண்டை வெட்டி நிபுணர் சாருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். கோபாலபுரம் செக்போஸ்ட்ல பஸ் நிக்கறப்ப அவர்கிட்ட இருந்து வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு, மூணு நிமிசம் ரெண்டு செகண்டு. முதல் வார்த்தையே "அவங்க போர் எத்தனை அடி, மோட்டார் எத்தனை எச்பின்னு கேட்டுச் சொல்லும்மா". பெரியம்மா நம்பருக்கு அடிச்சுட்டு இருக்கேன், ரிங் போகுது.